முழுக்கோதுமை ரொட்டியை வீட்டிலேயே சுடும் முறை

கோதுமை மணியின் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு 83 பங்கு வெண்மையான மாப்பகுதியாகும். 14 பங்கு தவிடு, எஞ்சியது முளைக்கரு. நாரும் இரும்புச்சத்தும் பி வகை வைட்டமின்களும் பெரும்பாலும் தவிட்டிலும் முளைக்கருவிலுமே அடங்கியுள்ளன. மைதா அரைக்கும் ஆலையில் இவ்விரண்டும் நீக்கப்படுகின்றன. ஆகவே சத்துள்ள பாகம் மாட்டுத் தீவனமாகச் செல்ல, எஞ்சிய மாவே மனிதனுக்குக் கிடைக்கிறது. கடையில் பழுப்பு நிறமாக விற்கப்படும் ரொட்டியிலும், கருக்கிய சர்க்கரையால் நிறமூட்டிய மைதா ரொட்டி உண்டு.

2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டுப் பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தச் சோகை இருப்பது தெரியவந்தது. எனவே தானியத்தின் இரும்புச்சத்தை வீணாக்குதல் தகாது. ஆனால் மாவைத் தவிட்டுடன் உண்பது மாத்திரம் போதாது. தவிட்டிலுள்ள பைட்டிக் அமிலம் இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் உடலில் சேர்வதைத் தடுக்கின்றது. இரண்டாம் உலகப்போரின்போது, 1942ஆம் ஆண்டில், பிரிட்டனில் கோதுமையின் நூற்றுக்கு 85 பங்கை மாவாக்கி ரொட்டி சுட்டனர். இத்தடையை மெக்கான்ஸ், விட்டோசன் என்னும் அறிஞர்கள் ஆராய்ந்து காட்டியபின், அந்நாட்டு மாவில் சுண்ணாம்புத் தூள் சேர்க்கப்பட்டது. மாவு நன்கு புளித்தால் இவ்வமிலம் பெரிதும் குறையும். புளிக்க வைத்துச் சுட்ட ரொட்டியின் சிறப்பு இதுவே.

தமிழ்நாட்டில் விளையும் சம்பா கோதுமை உப்புமாவிற்கும் ரவைக்கும் ஏற்றது. அதன் பசைச்சத்து வலுவற்றதாதலின் அம்மாவில் ரொட்டி நன்கு எழும்பாது. சப்பாத்திக்கு உதவும் சாதாரணக் கோதுமையே இதற்குத் தகும். முளைக்கருவில் எண்ணெய்ப்பசை உண்டாகையால் அரைத்த மாவு நாளடைவில் சிக்கு வாடை கொள்ளும். தானியத்தை உலர்த்திப் பத்திரப்படுத்தி, இரண்டு வாரத் தேவைக்கு மட்டும் அவ்வப்போது அரைத்துக்கொள்ளுதல் சிலாக்கியம்.

ஒரு ரொட்டிக்கு வேண்டியவை: மாவு 500 கிராம், தண்ணீர் 375 மில்லி லிட்டர், உலர்ந்த ஈஸ்ட் 5 கிராம், உப்பு 10 கிராம், வெல்லம் 15 கிராம், எண்ணெய் 15 மில்லி லிட்டர்.

முதலில் மாவை 300 மில்லி லிட்டர் தண்ணீரில் கலந்து முக்கால் மணி நேரம் மூடி வைத்தல் வேண்டும். ஊறாத தவிடு பசைச்சத்தின் இழைகளை அறுத்துவிடும். வீட்டு ரொட்டி கல்போலாவதற்கு இதுவே முக்கிய காரணம். எஞ்சிய தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, வெல்லமும் ஈஸ்டும் கரைத்துப் பத்து நிமிஷம் வைத்தால் நுரை எழும்பும். நுரை எழாவிடில் அந்த ஈஸ்ட் பயன்படாது. அதை மாவில் சேர்த்து மாவையும் வீணாக்கலாகாது.

பிறகு யாவற்றையும் சேர்த்துப் பத்து நிமிஷம் பிசைந்து, ஈரத்துணியால் மூடி வைக்கவும். மாவு கையில் சற்று ஒட்டுகிறதென்று உலர்ந்த மாவைத் தூவிக்கொண்டே போனால் ரொட்டி கனத்துவிடும். நம் நாட்டு வெப்பத்தில் சுமார் ஒரு மணி நேரத்தில் மாவு இருமடங்காகும். அதை அமுக்கிச் சுருட்டி, எண்ணெய் தடவிய 23 சென்டிமீட்டர் நீளத் தகரத்தில் இட்டு, மீண்டும் அரை மணி நேரம் எழும்பவிடவும். அளவுக்கு மீறி எழும்பினால் சுடும்போது அமுங்கிப்போகும். மாவில் மூன்றில் ஒரு பங்கை அதற்குரிய தண்ணீருடனும் ஒரு சிட்டிகை ஈஸ்டுடனும் முதல்நாள் இரவே கலந்து வைத்து, மறுநாள் எஞ்சிய மாவுடன் சேர்த்துப் பிசைந்தால் புளிப்பும் சுவையும் கூடும்.

அடுப்பை முன்னதாகவே 200 டிகிரி சென்டிகிரேடுக்குச் சூடாக்கி, 35 முதல் 40 நிமிஷம் வரை சுடுதல் வேண்டும். ரொட்டியின் அடியைத் தட்டினால் வெற்றுப் பானைபோல ஒலிப்பது வெந்ததற்கு அடையாளம். மண்ணால் கட்டிய ரொட்டி அடுப்பாயின், விறகை எரித்துத் தணலை வெளியே வாரியபின் ரொட்டியை வைத்து வாயை மூடவேண்டும். சுட்ட ரொட்டியை ஒரு மணி நேரமேனும் ஆறவிட்டே அறுக்கவேண்டும்; சூட்டில் அறுத்தால் உட்புறம் பிசுபிசுக்கும்.

இந்த ரொட்டி இரத்தச் சோகைக்கு மருந்தன்று. கீரையும் பருப்பும் உடன் வேண்டும். எனினும் நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் தங்கள் இல்லங்களில் இதைச் செய்து அண்டை அயலாருக்கும் காட்டுவார்களாயின், தொழுவத்திற்குப் போகும் சத்தில் ஒரு பகுதியேனும் குழந்தைகளின் தட்டிற்கு வந்து சேரும்.