வட்டியும் உராய்வும்

மேட்டூரிலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்வோர் பாலாற்றைக் கடந்தே செல்வர். மாநில எல்லையான அங்கே குடியேறிய தமிழர் நாங்கள். பரிசலும் வலையும் வாங்க என் மாமா பத்தாயிரம் ரூபாய் கடன் பெற்றார். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி. ஆண்டுக்கு 3,600 ரூபாய்!

வங்கிகளுக்குத் தான் தரும் குறுகிய காலக் கடனுக்கு ரிசர்வ் வங்கி வாங்குவது ரெப்போ வட்டி. 2019 தொடக்கத்தில் 6.5 விழுக்காடாயிருந்த அது, 2020 மே மாதத்தில் 4 விழுக்காடாயிற்று. அக்கணக்கில் பத்தாயிரத்திற்கு ஆண்டு வட்டி 400 ரூபாயே. மாமாவின் வட்டியோ ஒரு காசும் குறையவில்லை. ஏன்?

இயற்பியல் மாணவனாகிய எனக்கு உராய்வே நினைவுக்கு வருகிறது. கனத்த பெட்டியை மெல்லத் தள்ளினால் அது அசைவதில்லை. கடன் சந்தையிலும் இத்தகைய உராய்வு உண்டு. கொடுப்பவர் வாங்குபவரின் நிலையை முற்றும் அறியார். ஆதலால் ஈடு கேட்பார். பட்டா இல்லாத மாமா எதைக் காட்டுவார்? வங்கியை விட்டு வட்டிக்காரரிடம் போனார்.

வட்டியை எப்படி நிர்ணயிப்பது? விலையேற்றத்தையும் உற்பத்தி நிலையையும் பார்த்து நிர்ணயிக்கும் விதியொன்றை 1993இல் அமெரிக்கப் பேராசிரியர் டெய்லர் வகுத்தார். நம் நாட்டிலும் 2016 முதல் விலையேற்றத்திற்கு 4 விழுக்காடு இலக்கு. இருபுறமும் இரண்டு விழுக்காடு விலகலாம்.

ஆனால் 2018இல் ஐ.எல். அண்டு எஃப்.எஸ். நிறுவனம் கடன் தவணை தவறியதும், பிற நிதி நிறுவனங்களுக்கும் கடன் அரிதாயிற்று, வட்டி உயர்ந்தது. விலைவாசியையும் உற்பத்தியையும் மட்டும் நோக்கும் விதிக்கு இது உடனே புலப்படுமா?

புலப்படச் செய்ய ஒரு வழியை 2010இல் குர்டியா, உட்ஃபோர்டு என்னும் அறிஞர்கள் ஆராய்ந்தனர். கொடுப்பவர் பெறும் வட்டிக்கும் வாங்குபவர் தரும் வட்டிக்கும் உள்ள இடைவெளி விரிந்தால், கொள்கை வட்டியைச் சற்றுக் குறைப்பது நலம் என்றனர். எனினும் விரிந்த அளவு முழுவதும் குறைத்தல் தகாது. எவ்வளவு என்பது இடைவெளி விரிந்த காரணத்தைப் பொறுத்தது.

திடீர் நெருக்கடிக்கு இவ்விதி உதவலாம். பாலாற்றின் இடைவெளியோ நெடுநாளையது. 2019 அக்டோபர் முதல் வீட்டுக் கடன், சிறுதொழில் கடன் முதலியவற்றின் மாறும் வட்டியை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு வங்கிகள் இணைத்தன. நல்ல எண்ணெய்தான், ஆயினும் வங்கிக்குள் நுழைந்தவருக்கே அது பயன்படும்.

நண்பர்களே! தள்ளும் விசையை மட்டும் அளந்தால் போதாது. உராய்வையும் அளக்க வேண்டும். அது குறைய ஈடும் பட்டாவும் பற்றிப் பேச வேண்டும். மாமா இன்னும் வட்டிதான் கட்டுகிறார். அசல் அப்படியே நிற்கிறது.