பழஞ்சோற்றில் முறுகும் கயிறு

தெல்லிப்பழையிலிருந்து வாசகி ஒருவர், நீரிழிவுள்ள தம் கணவருக்கு முதல்நாட் சோற்றைக் கொடுக்கலாமா என்றும், சோற்றைக் குளிரவைத்தால் அதன் கலோரி பாதியாகிவிடும் என்று பரவிவருகின்ற செய்தி மெய்தானா என்றும் வினவியிருக்கிறார். வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களுக்கு விடியற்புறத்திலே இறைப்புக்குப் போனவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டுவந்த உணவைப் பற்றிய கேள்வியாதலால், இதற்குச் சிரத்தையுடன் விடை கூறவேண்டியது அவசியமாகிறது.

அச்செய்தியின் மூலம் நம் நாட்டிலேயே உள்ளது. 2015 மார்ச்சில், கொழும்பு இரசாயன விஞ்ஞானக் கல்லூரியைச் சேர்ந்த சுதேர் ஜேம்ஸ் என்னும் மாணவரும் அவருடைய வழிகாட்டியான புஷ்பராஜா தவராஜாவும், 38 இலங்கை அரிசியினங்களை ஆராய்ந்து, அரிசியின் நிறையில் 3 வீதம் தேங்காயெண்ணெய் விட்டுச் சமைத்து 12 மணிநேரம் குளிரவைத்தால் சமிபாடடையாத மாப்பொருள் பெருகுகின்றது என்று அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் டென்வர் மாநாட்டில் அறிவித்தனர். தகுந்த அரிசியைத் தேர்ந்துகொண்டால் கலோரி 50, 60 வீதம் வரை குறையவுங்கூடும் என்ற அவர்களுடைய அநுமானத்தைப் பத்திரிகைகள் பல முடிந்த முடிபாகவே பிரசித்தம் செய்தன. மனித உடலிற் சோதிப்பது இனிமேல்தான் என்று அவர்கள் கூறியதற்கோ அத்தனை பிரசித்தி கிடைக்கவில்லை.

சோறு ஆறும்போது அதனுள்ளே நிகழ்வதுதான் உண்மையில் அற்புதம். அரிசியின் மாப்பொருளில், கிளையின்றி நீண்ட அமைலோசும், கிளைகள் செறிந்த அமைலோபெக்டினும் உண்டு. இவற்றைத் தும்புக் கயிறாகப் பாவித்துப் பாருங்கள். உலை கொதிக்கும்போது முறுக்கெல்லாம் அவிழ்ந்து இழைகள் தனித்தனியே நீரிற் பரந்து கிடக்கின்றன. சுடச்சுட உண்டால், அமிலேசு முதலிய நொதியங்கள் அவற்றைக் கத்தரித்துக் குளுக்கோசாக்குவதற்குத் தடையேதுமில்லை. ஆற ஆற, அமைலோசு இழைகள் இரண்டிரண்டாய் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு, முறுகிய கயிறுகள் பக்கம் பக்கமாய் நெருங்கிப் படிந்து பளிங்காகி, கத்தரியின் அலகு நுழையமாட்டாத இறுக்கத்தை அடைகின்றன. அமைலோபெக்டினும் முறுகத்தான் செய்கிறது. ஆனால் அதன் கிளைகள் சாண் நீளமுமில்லாத துண்டுத் தும்புகளாதலின், அவை முறுக நாட்கணக்காகும். முறுகினாலும் 60 பாகை வெப்பத்திலேயே அவிழ்ந்துவிடும். அமைலோசின் நெடுங்கயிறோ கொதிநீரிலும் அவிழாது. ஆகவேதான் ஆறிய சோற்றைத் திரும்பச் சூடாக்கினாலும் பலன் முற்றாக அழிவதில்லை. வெயிலிலும் மழையிலும் கிடந்தும் முறுக்கு விடாத துலாக்கயிறுபோல, அது இரைப்பையின் அமிலத்தையும் சிறுகுடலின் நொதியங்களையும் கடந்து பெருங்குடலை அடைந்து, அங்குள்ள பற்றீரியாக்களுக்கு இரையாகி, குடற்சுவரின் கலங்களுக்கு எரிபொருளாகும் பியூற்றிரிக் அமிலத்தைத் தருகின்றது. புழுங்கலரிசிக்கு இம்முறுக்கு, நெல்லை அவித்து உலர்த்தும்போதே ஒருமுறை விழுந்துவிடுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது.

ஆனால் அளவு எவ்வளவு? 2015 இல் வெளியான இந்தோனேசிய ஆய்வொன்றின்படி, 100 கிராம் புதுச்சோற்றில் 0.64 கிராமாக இருந்த சமிபாடடையாத மாப்பொருள், 10 மணிநேரம் அறையில் ஆறிய சோற்றில் 1.30 ஆகவும், 24 மணிநேரம் 4 பாகைக் குளிரிலிருந்து பின் சூடாக்கிய சோற்றில் 1.65 ஆகவும் காணப்பட்டது. கூடியது ஒரு கிராம். அதனால் மிச்சமாவது, ஏறக்குறைய 130 கலோரியில் 2 கலோரி. பாதி எங்கே, இது எங்கே! எனினும் 15 பேர் அச்சோற்றை உண்டபோது இரத்தச் சர்க்கரையின் ஏற்றம் 18 வீதமளவில் தாழ்ந்திருந்தது. ஆதலால் கணவருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். சோற்றின் அளவைக் கூட்டாமலும் மருந்தை நிறுத்தாமலும் கொடுக்கவேண்டும்.

சரித்திரம் சிறிது. சமிபாடடையாத இம்மாப்பொருளுக்குப் பெயரிட்டு 1982 இல் விஞ்ஞானத்தில் இடம் தந்தவர் கேம்பிரிட்ஜில் ஆராய்ந்த எங்கிளிஸ்ற். நம்மூர்ச் சரித்திரமோ வேறு. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில், மின்சாரமுமின்றி மண்ணெண்ணெயும் அரிதாயிருந்த யாழ்ப்பாணத்துக்கு, மிஞ்சிய சோற்றுக்கு நீரூற்றி மூடுவதையன்றி வேறு கதியிருக்கவில்லை.

அந்த நீரில் இலற்றிக் அமிலப் பற்றீரியாக்கள் பெருகிப் புளிப்பூட்டுவதால் வேறு கிருமிகள் ஓரளவு அடங்கும். ஆனால் நீரின்றி வெறுமனே வெளியில் விட்ட சோற்றில், வேக்காட்டுக்குத் தப்பிய பசிலஸ் சீரியஸ் வித்திகள் முளைத்து, மறுபடி சூடாக்கினாலும் அழியாத நஞ்சொன்றைச் சுரக்கக்கூடும். ஆதலால் ஆறியவுடனேயே நீரூற்றவோ குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவோ வேண்டும். காலையில் நீரைப் பிழிந்து, சுண்டவைத்த மீன்குழம்பும் தயிரும் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்துப் பிசைந்து, திரளை திரளையாகப் பிடித்துக் கைகளில் வைக்கும் குழையலுக்கு நிகரான சிக்கனச் சமையல் வேறுண்டோ?

இனிப்பு வேண்டுமென்றால், அதே சோற்றைத் தேங்காய்ப்பாலில் இளஞ்சூடாக்கி, கப்பல் வாழைப்பழத்தை மசித்துச் சேர்த்து, ஏலம் தட்டிப் போட்டுப் பாருங்கள். பனங்கட்டி நம் மண்ணின் செல்வமேயாயினும், அது பெரும்பாலும் சுக்குரோசே. சீனிக்குப் பதிலாக எவ்வளவும் இடலாம் என்ற விளம்பரத்தை நம்பாமல், மணத்துக்கு மாத்திரம் ஒரு சிறு துண்டைச் சீவிப் போடுக. நீரிழிவுக்காரருக்கு வாழைப்பழமும் பாதி போதும். இதற்குப் புளித்த சோறு உதவாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்த சோற்றையே எடுக்கவேண்டும்.