மடியில் ஒரு கடல்நாய்க் குட்டி!

2007 டிசம்பர். ஜப்பானில் ஓபு என்ற ஊர். அங்கே 91 வயதுப் பெரியவர் ஒருவருக்கு மறதி நோய். பக்கத்திலேயே இருந்த 85 வயது மனைவி கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டார். அந்தச் சில நிமிஷத்தில் பெரியவர் வெளியே போய், தண்டவாளத்தில் இறங்கி, ரயிலில் அடிபட்டு இறந்துபோனார். சோகம் அதோடு முடியவில்லை. ரயில்கள் தாமதமானதற்கு நஷ்டஈடாக சுமார் 72 லட்சம் யென் கேட்டு, குடும்பத்தின் மீதே வழக்குப் போட்டது ரயில் நிறுவனம்! கீழ்க்கோர்ட்டுகளில் குடும்பம் தோற்றது. 2016 மார்ச்சில்தான் உச்ச நீதிமன்றம், 'கட்ட வேண்டியதில்லை' என்றது.

கண்ணயர்ந்தது ஒரு குற்றமா? அந்த நாட்டில் 2023-ல் மட்டும் இந்த நோயுள்ளவர்களில் காணாமல் போனதாகப் போலீசில் பதிவானவர்கள் 19,039 பேர்.

'வல்லாரை கொடுத்தா இப்படி அலையறது நிக்குமா டாக்டர்?' என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எழுந்து போகிறவரை உட்கார வைக்கும் லேகியம் எதுவும் என்னிடம் கிடையாது. தூக்க மாத்திரை கொடுத்துப் படுக்கப் போடுவதும் ஆபத்து. பாதி மயக்கத்தில் எழுந்து, விழுந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொள்வார்கள்.

அவர் ஏன் போகிறார்? நமக்குத்தான் அது காரணமில்லாத அலைச்சல். சிறுநீர் முட்டும், சொல்லத் தெரியாது. எங்கேயோ வலிக்கும். சாயங்காலம் வெளிச்சம் மங்கினால் படபடப்பு கூடும். சொந்த வீட்டில் நின்றுகொண்டே 'வீட்டுக்குப் போகணும்' என்பார்! பல சமயம் வெறும் சலிப்புதான். கைக்கும் மனசுக்கும் வேலை இல்லை.

இந்தச் சலிப்புக்குத்தான் 'பாரோ' உதவுகிறது. கடல்நாய்க் குட்டி வடிவில், புசுபுசுவென்று வெள்ளை ரோமத்தோடு இருக்கும் ரோபோ. ஜப்பானிய விஞ்ஞானி டகனோரி ஷிபாட்டா 1993-ல் இந்த வேலையைத் தொடங்கினார். 2005-ல் அங்கே விற்பனைக்கு வந்தது. எடை மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு, ஏறக்குறைய பிறந்த குழந்தையைப் போல! தடவினால் கண்ணை மூடித் திறக்கும், குரல் வந்த பக்கம் திரும்பும், வைத்த பெயரைக் கற்றுக்கொள்ளும். நாயோ பூனையோ செய்யாமல் ஏன் கடல்நாய்? நிஜ நாயோடு பழகியவர், 'இது எங்க நாய் மாதிரி இல்லையே' என்று ஒதுக்கிவிடுவார். கடல்நாயோடு யார் பழகியிருக்கிறோம்?

பலன் இருக்கிறதா? ஆஸ்திரேலியாவில் 28 முதியோர் இல்லங்களில் மறதி நோயுள்ள 415 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு பாரோ. ஒரு பிரிவுக்கு அதே பொம்மை, இயக்கம் மட்டும் நிறுத்தப்பட்டது. மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. வாரம் மூன்று முறை, தடவைக்குக் கால் மணி நேரம், பத்து வாரம். கையில் கட்டிய கருவி அடிகளை எண்ணியது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட, பாரோ வைத்திருந்தவர்களின் பகல் நேர நடை அதிகம் குறைந்தது. ஆனால் 2017-ல் வெளியான முடிவில் இன்னொன்றும் இருந்தது. பேசவைப்பதிலும் பார்க்கவைப்பதிலும் பாரோ முந்தியது. படபடப்பைத் தணிப்பதில் சாதாரண பொம்மையைவிடப் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை!

விலையோ அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான டாலர். 'ஒன்றுமே புரியாத இயந்திரத்திடம் மனம்விட்டுப் பேச வைப்பது சரியா?' என்ற ரீதியில் அமெரிக்கப் பேராசிரியை ஷெர்ரி டர்க்கிள் போன்றவர்கள் ஆட்சேபிக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ராத்திரி முழுக்க வாசலைக் காவல் காக்கும் மருமகளிடம் அதைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. பாரோ கதவைப் பூட்டாது. கால் மணி நேரம் உட்கார வைக்கும். அவள் குளித்துவிட்டு வரலாம், அவ்வளவுதான்.

வாங்க முடியாதவர்கள் மடியில் ஒரு மெத்தென்ற பொம்மையை வைத்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம். பெரியவரைக் குழந்தையாக்குகிறார்கள் என்று கோபம் வரும். துவைத்த துணியை மடிக்கக் கொடுங்கள், கறிவேப்பிலை உருவக் கொடுங்கள். இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போடுங்கள், பாத்ரூமுக்கு அழைத்துப் போங்கள். பெயரும் போன் நம்பரும் எழுதிய துணித்துண்டைச் சட்டையின் உள்பக்கம் தைத்துவிடுங்கள். பையில் வைத்தால் எடுத்து எறிந்துவிடுவார்.