மலையிலே பூனைக்காலி... குழாயிலே பழ ஈ!

மலைவாழைப்பழம் நன்றாகக் கனிந்துவிட்டால் போதும்... எங்கிருந்துதான் வருமோ, பொடிப் பொடி ஈக்கள் மொய்க்க ஆரம்பித்துவிடும்! நாம் கைவீசி விரட்டும் இந்தப் பழ ஈக்களை ஆய்வுக்கூடங்களில் பத்திரமாக வளர்க்கிறார்கள். எதற்கு? 'பார்க்கின்சன்' எனப்படும் நடுக்குவாதத்துக்கு மூலிகைகள் உதவுமா என்று பார்க்கவும்தான்!

ஈக்கும் மனுஷனுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நமக்கு நோய் தரும் மரபணுக்களில் ஏறக்குறைய நான்கில் மூன்றுக்கு ஈயிடமும் ஜோடி உண்டு. முட்டை முழு ஈயாக 10 நாள் போதும். சோதனையும் சுலபம். குழாயைத் தட்டினால் நல்ல ஈ விறுவிறுவென மேலே ஏறும். நோயுள்ள ஈ தடுமாறும்.

'பிங்க்-1' மரபணு பழுதானால் மனிதருக்கு இளவயதிலேயே பார்க்கின்சன் வரலாம். அதே மரபணு பழுதான ஈக்களுக்கு, இத்தாலி ஆய்வாளர்கள் பூனைக்காலிச் சாற்றை உணவில் கலந்து கொடுத்தார்கள். ஈக்கள் முன்பைவிட நன்றாக ஏறின, ஆயுளும் கூடியது. 2014-ல் வெளியான ஆய்வு இது.

பூனைக்காலி நம்ம ஊர்க் கொடிதான். காயின் சுணை பட்டால் அரிப்பு பிராணனை வாங்கிவிடும்! பழனி மலைப் பக்கம் வாழும் பளியர்கள் இதன் விதையைச் சாப்பிடுவதுண்டு. ஆனால், பலமுறை வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிய பிறகுதான்.

அந்த விதைக்குள் என்ன இருக்கிறது? 1937-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் ராமசாமியும் அதிலிருந்து 'எல்-டோபா'வைப் பிரித்தெடுத்தார்கள். நடுக்குவாதக்காரர்களின் மூளையில் குறைந்துபோகும் 'டோபமீன்' இதிலிருந்துதான் உருவாகிறது. 1960-களில் இது மருந்தானது. இன்று டாக்டர் எழுதித் தரும் முக்கிய மாத்திரையில் இருப்பதும் இதுவே.

விஷயமே இங்குதான்! 'மூலிகைதானே, என்ன செய்துவிடும்?' என்று அப்பாவுக்கோ மாமனாருக்கோ மாத்திரையோடு பூனைக்காலிப் பொடியையும் கொடுத்தால், ஒரே மருந்தை இரண்டு மடங்கு கொடுத்த கதையாகிவிடும். வாந்தி, தலைசுற்றல், கை கால் தானாகத் துள்ளுவது, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது என்று தொல்லைகள் வரலாம். மாத்திரையில் அளவு உண்டு. விதைக்கு விதை அளவு மாறும். பொடியை நம்பி மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

2004-ல் லண்டனில் நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தபோது, பூனைக்காலி மாத்திரையைவிடச் சீக்கிரம் வேலை செய்தது. ஆனால், பங்கேற்றவர்கள் 8 பேர்தான்.

ஈ மேலே ஏறியது நல்ல சேதி. ஆனால், அது முதல் படிதான். வீட்டில் பொடி வாங்கி வைத்திருந்தால், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். மறைக்காதீர்கள்!