பசோத்தோ மக்களின் நாட்டு மொழிகள்

தென்னாபிரிக்காவின் உள்ளே, நாற்புறமும் அந்நாட்டாற் சூழப்பட்டுக் கிடக்கும் சிறு மலைநாடு இலெசோத்தோ. 1966 இல் விடுதலை பெறுமுன் அதற்குப் பசூட்டோலாந்து என்று பெயர். நம் மூத்த பழைய மாணவர் பூமிசாத்திர வகுப்பிற் கற்றதும் அப்பெயரையே.

அந்நாட்டிற் பெரும்பாலார் பேசுவது செசோத்தோ. பாண்டு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த அம்மொழியின் சொல்லமைப்புத் தமிழறிந்தார்க்கு வியப்பளிப்பது. மாணவன், மாணவர் என நாம் ஒருமை பன்மையைச் சொல்லின் ஈற்றிற் காட்டுகின்றோம். அவர்களோ முதலிற் காட்டுகின்றனர். அந்நாட்டார் ஒருவர் மொசோத்தோ, பலர் பசோத்தோ, நாடு இலெசோத்தோ, மொழி செசோத்தோ. பகுதி ஒன்றே, முன்னொட்டு மாறப் பொருளும் மாறுகின்றது.

இம்மொழி ஏட்டிலேறியது எவ்வாறு? மொசுவேசுவே மன்னர் காலத்தில், 1833 இல், பிரான்சியப் பாதிரிமார் அங்குச் சென்றனர். மக்கள் மொழியைக் கற்று, உரோம எழுத்தில் அமைத்து, பின்னர் மொரிஜா என்னும் ஊரில் அச்சுக்கூடமும் நிறுவினர். 1863 இற் செசோத்தோப் பத்திரிகையொன்று தோன்றியது. தோமஸ் மொபோலோ எழுதிய 'சாக்கா' என்னும் நாவல் 1925 இல் மொரிஜாவிலேயே அச்சாகி, பின்பு ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது. செசோத்தோ பேசுவோர் இன்று இலெசோத்தோவினும் தென்னாபிரிக்காவிலேயே மிகுதி. ஆயினும் ஒரே மொழியை எல்லைக்கு இப்புறம் ஒருவாறும் அப்புறம் வேறொருவாறும் எழுதுகின்றனர்! எழுத்துச் சீர்திருத்தம் பேசும் நம்மவர் இதனை நோக்குவாராக.

இத்தகைய பேறு எல்லா மொழிக்கும் வாய்க்கவில்லை. தெற்கே குத்திங் மாவட்டத்துப் பள்ளத்தாக்குகளிற் சிபூத்தி என்னும் மொழி வழங்குகின்றது. (அம்மாவட்டப் பெயரின் முதலொலி, நாவை அண்ணத்தினின்று சடுதியாய் எடுக்கையிற் பிறக்கும் சொடுக்கொலி, அதனைக் குறிக்க நம் நெடுங்கணக்கில் எழுத்தில்லை.) செசோத்தோவின் சாயல் மிகப் படிந்திருப்பினும், சிபூத்தி சுவாசி மொழிக்கே நெருங்கிய உறவினது. அம்மக்களின் தலைவர் மூரோசி 1879 இற் கேப் குடியேற்றநாட்டுப் படையை மலையொன்றின்மேல் நின்று பல மாதம் எதிர்த்து மாண்டார்.

1993 ஆம் ஆண்டு அரசியலமைப்பு செசோத்தோவையும் ஆங்கிலத்தையும் மாத்திரமே அரசகரும மொழிகளாக்கிற்று. சிபூத்தி, சோசா, சைகைமொழி ஆகியவற்றுக்கு அவ்வுரிமை 2025 ஆம் ஆண்டுத் திருத்தத்தாலேயே கிடைத்தது. ஆயினும் ஆசிரியத் தொழிலில் உள்ளார்க்கு வேறொரு வினா எழும். பாலர் வகுப்புப் பிள்ளைக்குச் சிபூத்தியில் எழுத்தறிவிக்க எத்தனை ஆசிரியர் பயிற்றப்படுவர்? அவர் கையில் எந்த வாசகம் இருக்கும்?