விலையை மறைத்தால் வியாபாரம் நகராது

முகநூலில் ஒரு படம். கண்ணாடிப் போத்தலில் பொன்னிறமாய் அடுக்கிய முறுக்கு. கீழே ஒருவர், "விலை எவ்வளவு?" என்று கேட்கிறார். "பி.எம். பண்ணுங்க" என்று பதில் வருகிறது. அடுத்தவரும் அதையே கேட்கிறார். அவருக்கும் அதே பதில்தான். தீபாவளி நெருங்கும் நாள்களில் இப்படிப் பல பதிவுகள் நம் கண்ணில் படுகின்றன. கேட்டவர்கள் எல்லாரும் தனியாகத் தகவல் அனுப்பி, பதிலுக்குக் காத்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியுமா? விரலால் ஒரு தள்ளு தள்ளினால் அடுத்தவர் சுட்ட முறுக்கு விலையோடு நிற்கிறது.

சமூக ஊடகத்தில் புதிதாக வியாபாரம் தொடங்கும் பலருக்கு, விளம்பரத்துக்கு எவ்வளவு செலவழிப்பது, பின்தொடர்வோரை எப்படிச் சேர்ப்பது என்பதுதான் முதல் கவலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பொருள் என்ன, விலை என்ன, எங்கே கிடைக்கும், யாரை அழைக்க வேண்டும் என்ற நான்கும் பார்த்த உடனே தெரிய வேண்டும். இவை இல்லாத பக்கத்துக்கு ஆயிரம் பேரை அழைத்து வந்தாலும், பூட்டிய கடை வாசலுக்குக் கூட்டம் சேர்த்த கதைதான்.

பாலம் மூடியபோது

ஜொகூர் வியாபாரிகளுக்கு இணையத்தின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. சிங்கப்பூர்ப் பாலத்தில் வழக்கமான போக்குவரத்து நின்றுபோனது. 2022 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் தரைவழி எல்லை முழுமையாகத் திறந்தது. அக்கரையிலிருந்து வரும் வாடிக்கையாளரை நம்பியிருந்த கடைகளுக்கு அந்த இரண்டு ஆண்டுகளும் பெரும் சோதனை. அந்நாள்களில் கைப்பேசியே பலருக்குக் கடையாக மாறியது.

அதே 2020-இல்தான் பேராக், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த சுகு - பவித்ரா தம்பதியரின் சமையல் காணொளிகள் நாடெங்கும் பரவின. வீட்டுச் சமையலறை, ஒரு கைப்பேசி, இயல்பான மலாய்ப் பேச்சு ஆகியவையே அவர்களின் முதலீடு. லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். அவர்கள் மலாய்மொழியில் பேசியதால் எல்லா இனத்தவரும் பார்க்க முடிந்தது. நம் முறுக்கையும் நெய்யுருண்டையையும் விரும்பிச் சாப்பிடும் மலாய், சீன நண்பர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். தமிழில் எழுதும் பதிவின் கீழே மலாயிலும் இரண்டு வரி சேர்ப்பது நல்லது.

சட்டமும் அதையே கேட்கிறது

விலையை மறைப்பது வியாபாரத்துக்குக் கெடுதல் மட்டுமன்று, சட்டப்படியும் தவறு. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இணைய வாணிபத்துக்கான விதிமுறைகள் இருக்கின்றன. விற்பவரின் பெயர், பதிவு எண் இருந்தால் அந்த எண், தொடர்பு விவரம், பொருளின் தன்மை, அனுப்பும் செலவு உட்பட முழு விலை, பணம் செலுத்தும் முறை, பொருள் வந்து சேரும் காலம் ஆகியவற்றை அவை கேட்கின்றன. 'பி.எம். தெப்பி' என்று விலையை ஒளிக்கும் விற்பனையாளர்களை உள்நாட்டு வாணிப அமைச்சு எச்சரித்தும் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. வீட்டிலிருந்து விற்றாலும் வியாபாரம் வியாபாரம்தான். தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் என்றால் 60 ரிங்கிட். தெக்குன் நிறுவனத்தின் ஸ்புமி போன்ற கடனுதவிக்கு நாளை விண்ணப்பிக்க நினைப்பவருக்கும் இந்தப் பதிவு கைகொடுக்கும். உணவு விற்பவர்கள் உணவு கையாள்வோர் பயிற்சியையும் டைஃபாய்டு தடுப்பூசியையும் மறக்கக்கூடாது. சான்றிதழ் பெற்றிருப்பதைப் பக்கத்தில் குறிப்பிட்டால், வாங்குபவருக்கு நம்பிக்கை கூடும்.

எங்கே தொடங்குவது?

எல்லாத் தளங்களிலும் ஒரே நாளில் கணக்குத் திறந்து, ஒரே மாதத்தில் களைத்துப் போகிறவர்கள் உண்டு. இரண்டு இடம் போதும். முதலாவது, வாட்ஸ்அப் பிசினஸ் செயலி. இது இலவசம். பொருள்களைப் படம், விலையோடு பட்டியலாக அடுக்கி வைக்கலாம். அடிக்கடி வரும் கேள்விகளுக்குப் பதிலைச் சேமித்து வைக்கலாம். கடை மூடிய நேரத்தில் தானாகவே பதில் போகும்படி செய்யலாம்.

இரண்டாவது, உங்கள் வாடிக்கையாளர் அதிகம் இருக்கும் தளம். அது முகநூலா, இன்ஸ்டாகிராமா, டிக்டோக்கா என்று தெரியாவிட்டால், ஏற்கெனவே உங்களிடம் வாங்கும் பத்துப் பேரைக் கேளுங்கள். கடை வைத்திருப்பவர்கள் கூகுள் வரைபடத்திலும் கடையைப் பதிந்துவிட வேண்டும். ஜாலான் உங்கு புவான் லிட்டில் இந்தியாவுக்குச் சிங்கப்பூரிலிருந்து வருபவர், கைப்பேசியில் பார்த்துத்தான் வழி தேடுவார். திறக்கும் நேரம் தவறாக இருந்தால் ஒருமுறை ஏமாந்தவர் மறுமுறை வரமாட்டார்.

பதிவு எப்படி இருக்க வேண்டும்?

மாசாயில் வீட்டில் முறுக்கு சுடும் ஓர் அக்காவை நினைத்துக்கொள்வோம். "சுவையோ சுவை, முந்துங்கள்!" என்று எழுதுவதைவிட அவர் இப்படி எழுதலாம்: "வீட்டு முறுக்கு, 500 கிராம் போத்தல், 18 ரிங்கிட். மாசாய், பெர்மாஸ் ஜெயா வட்டாரத்துக்குக் கொண்டுவந்து கொடுக்கக் கட்டணம் இல்லை. ஜொகூர் பாருவின் மற்ற இடங்களுக்கு 6 ரிங்கிட். வியாழன் இரவுக்குள் சொன்னால் சனிக்கிழமை கிடைக்கும்."

இதைப் படித்தவருக்கு மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை, வாங்குவது மட்டுமே பாக்கி. படத்தைப் பகல் வெளிச்சத்தில், சன்னல் ஓரத்தில் எடுத்தால் போதும். மாவு பிசைவதும் அச்சில் பிழிவதும் எண்ணெயில் பொரிவதும் அரை நிமிடக் காணொளியாக வந்தால் மக்கள் நின்று பார்ப்பார்கள். இணையத்தில் எடுத்த வேறொருவரின் படத்தைப் போடவே வேண்டாம்.

நேரமும் முக்கியம். 2025 ஜனவரி முதல் ஜொகூரில் வார விடுமுறை சனி, ஞாயிறாக மாறிவிட்டது. சிங்கப்பூருக்கும் நமக்கும் இப்போது ஒரே விடுமுறை. வார இறுதி வாடிக்கையாளருக்கான பதிவு வியாழக்கிழமையே வெளிவருவது நல்லது.

காசு கொடுத்து விளம்பரம்

முகநூலில் பணம் கட்டி விளம்பரம் செய்யும்போது எந்த ஊரில், எத்தனை கிலோமீட்டர் சுற்றளவில் காட்ட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். மாசாய் முறுக்கைக் கோத்தா பாருவில் இருப்பவருக்குக் காட்டுவது வீண் செலவு. கணக்கையும் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். ஒரு போத்தலில் 5 ரிங்கிட் ஆதாயம் என்றால், 50 ரிங்கிட் விளம்பரம் தன் செலவை ஈடுகட்டவே பத்துப் போத்தல் கூடுதலாக விற்றாக வேண்டும். எத்தனை பேர் விருப்பக்குறி இட்டார்கள் என்பதை விட்டுவிட்டு, எத்தனை பேர் வாங்கினார்கள், அவர்களில் எத்தனை பேர் மீண்டும் வந்தார்கள் என்று நோட்டில் எழுதி வாருங்கள்.

ஏமாறாமல் இருக்க

பணம் அனுப்பியதாகக் காட்டும் ரசீதுப் படத்தை நம்பிப் பொருளைக் கொடுக்காதீர்கள். வங்கிக் கணக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. முகநூல், வாட்ஸ்அப் இரண்டிலும் இருபடிப் பாதுகாப்பை இன்றே இயக்கிவிடுங்கள். பல ஆண்டு சேர்த்த வாடிக்கையாளர் பட்டியல் ஒரே இரவில் கைநழுவிப் போகாமல் அது காக்கும். மோசடிக்காரரிடம் பணம் போய்விட்டால், தாமதிக்காமல் உங்கள் வங்கியையோ 997 என்ற எண்ணையோ அழையுங்கள்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் பதிவுகளைத் திறந்து, ஒவ்வொன்றிலும் விலை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாதவற்றில் எழுதிவிடுங்கள். விளம்பரத்துக்கான 50 ரிங்கிட்டை அதன் பிறகு எடுத்தால் போதும்.