அடிஸ் அபாபாவில் மணி என்ன?

எத்தியோப்பியாவின் தலைநகருக்குப் புதிதாகப் போகிறவரை முதலில் குழப்புவது கடிகாரம். அங்கே பொழுது விடிவதிலிருந்துதான் மணிக்கணக்கு. நமக்குக் காலை 7 என்றால் அவர்களுக்கு 1. டாக்சிக்காரர் 'இரண்டு மணிக்கு வருகிறேன்' என்றால் காலை எட்டுக்கே தயாராக இருக்க வேண்டும். நாட்காட்டியோ 13 மாதங்கள் கொண்டது. ஏழெட்டு ஆண்டு பின்தங்கியும் ஓடுகிறது.

1886-இல் உருவான இந்நகரம் சுமார் 2,350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் நாள் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். மாலையில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை.

சாலையில் நீலமும் வெள்ளையுமான மினிபஸ்கள். போகுமிடத்தை உதவியாளர் கூவிக்கொண்டே வருவார். காதைத் தீட்டிக்கொள்வது நல்லது. மெர்க்காத்தோ சந்தையில் பர்ஸ் பத்திரம்!

சைவர்களுக்குப் புதனும் வெள்ளியும் கொண்டாட்டம். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் விரத நாட்கள் அவை. இறைச்சி, பால், முட்டை கிடையாது. தோசைபோல் மாவைப் புளிக்கவைத்துச் சுடும் இஞ்செராவின் மேல் பருப்பும் கீரையும் குவித்துத் தருவார்கள்.

காபிக்கு அவசரம் ஆகாது. பச்சைக் கொட்டையைக் கண்ணெதிரே வறுத்து, புகையை முகரக் காட்டி, இடித்து, மண்கூஜாவில் காய்ச்சி மூன்று சுற்று ஊற்றுவார்கள். முதல் சுற்றோடு எழுந்துபோவது மரியாதையாகாது.